வெள்ளனே என்றால் எத்தனை மணி

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்னும் தடுமாறுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவியைப் பற்றி வாயால் சொல்லக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு ஜீப் ஓட்டுகிறேன். பின்னால் பூண்டு மூட்டையும் வேலைக்குப் போகும் பெண்களும் இருப்பார்கள். போன வருஷம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் என்று ஒன்றும் இல்லை. கண் மூடும், மனசு மூடாது. கொடைக்கானலில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். சென்னைக்காரர், நல்ல மனுஷன். எப்போது எழுந்திருப்பேன் என்று கேட்டார்.

"வெள்ளனே எந்திரிச்சிருவேன் சார்" என்றேன்.

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். படுக்கும்போது போடச் சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தூக்கம் வந்தது. அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். ஆனால் ஜீப் ஸ்டாண்டில் ஒரு கூட்டாளி மாத்திரை அட்டையில் இருந்த பேரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டான்.

"ஏலே, இது கிறுக்குக்குக் குடுக்கிற மாத்திரைல. இனி ஒன் வண்டியில ஏறலாமா வேணாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் வந்து சொன்னேன். மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிறுக்கு இருந்தா இத்தன வருசம் கூடக் கெடக்குற எனக்குத் தெரியாதா? சாப்பிடுங்க" என்றாள்.

அவள் கொடைக்கானலில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். என் ஜீப்பில்தான் வருவாள், முன் சீட்டில். ஒருநாள் விடியும் முன்னே, இறக்கத்து வளைவு ஒன்றில் என் தலை கனத்துத் தொங்கியது. சக்கரம் ஓரக் கல்லை உரசியது. பின்னால் பெண்கள் பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் பள்ளம். அவள் கத்தியிருக்கலாம். என் கையைக்கூடத் தொடவில்லை.

"ஏங்க, வண்டிய ஓரங்கட்டுங்க. எனக்குக் கொமட்டுது" என்றாள்.

நிறுத்தினேன். இறங்கி, தலை சுற்றுகிறது என்று கல்லில் உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் வரும்வரை எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள், "சோலி கெடக்கு, வெரசாக் கெளம்புத்தா" என்று அவளைத்தான் வைதார்கள். வாங்கிக்கொண்டாள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். எனக்குப் பதில் அவளே கேட்டாள்.

"சார், ஒங்களுக்கு வெள்ளனேன்னா எத்தன மணி?"

"ஆறு, ஆறரை இருக்கும்மா."

"இவருக்கு மூணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மணி கேக்காம விட்டது என் தப்பு" என்றார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். அந்த மாத்திரை வேறு பெரிய மனநோய்களுக்கு வந்தது. கொஞ்சமாகக் கொடுத்தால் தூக்கம் வரும் என்று சிலருக்கு எழுதுவது உண்டு. அதன் மப்பு இறங்க நேரம் ஆகும், மூன்று மணிக்கு எழுந்து மலைப்பாதையில் ஓட்டுகிறவனுக்கு ஆகவே ஆகாது. நானாக நிறுத்தக் கூடாது, அவரே பார்த்துக் குறைத்துவிடுவார். தான் சொல்லும்வரை வண்டியைத் தொடக் கூடாது. இவ்வளவு படித்தவர் எங்கள் முன்னால் தப்பு என்று ஒத்துக்கொண்டதை எப்போது நினைத்தாலும் அவர்மேல் மரியாதை கூடுகிறது.

மாத்திரை நின்று, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஜீப் முதலாளியிடமும் அவள்தான் பேசினாள். விடிகாலை லோடு வேறு ஆளுக்குப் போனது. எனக்குப் பகல் சவாரி, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு.

"அவுக கேள்வி மேல கேள்வி கேப்பாகளே" என்றேன்.

"சிரிச்சுக்கிட்டே ஓட்டுங்க, போதும்."

இப்போது தூக்கம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் காலையில் சாவியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் ஏன் என்று கேட்பதில்லை.

ஆவணி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.