தொட்டியில் ஊற்றிய ஒயின்

ராயபுரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் நர்ஸ். துறைமுகத்துக்கு வந்த இத்தாலிக் கப்பல் ஊழியர் ஒருவர், கடும் காய்ச்சலோடு எங்கள் வார்டில் பத்து நாள் இருந்தார். குணமாகிப் போகும்போது ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை என் கையில் திணித்தார். குடிகாரத் தகப்பனிடம் அடிபட்டு வளர்ந்தவள் நான். அவர் தலை மறைந்ததும் அதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் காலை, துறைமுகத்தில் வேலை பார்க்கும், இத்தாலி மொழி தெரிந்த பாஷா பாயைக் கூட்டிக்கொண்டு, கப்பல் ஏறும் முன் விடைபெற அவர் வந்தார்.

"சிஸ்டர், அவுங்க ஊர்ல மட்டும் வெளையுற பழங்காலத்துத் திராட்சையாம். செத்துப்போன அவரு அப்பா கையால செஞ்ச கடைசி பாட்டிலாம். எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டுகினு கீறாரு," என்றார் பாய்.

"தொட்டியில ஊத்திட்டேன் பாய்," என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு கப்பல்காரரிடம் அவர் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அவர் கண்கலங்கிச் சிரித்து, என்னைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

"என்ன பாய் சொன்னீங்க?"

"வூட்ல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் குடிச்சீங்கன்னு சொன்னேன். கப்பல் ஏறப்போற மனுசன், சந்தோசமா போவட்டும்."

நான் குடிக்காதது தப்பில்லை. ஊற்றும் முன் இது என்ன என்று அந்தக் கப்பல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காததுதான் இன்னும் உறுத்துகிறது.