மாப்பிள்ளை மாற்றிய மூன்று கேஜ்கள்

பாய்லர்காரருக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று சொன்னால் அது அபாண்டம். மகளைப் பிடிக்கும். மிச்சமிருக்கிற அத்தனை பேரும் அவருக்கு மடையர்கள். அதிலும் மாடியில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, "இன்னிக்குச் சூடு கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று மூக்கால் அழுகிறவர்கள் முழு மடையர்கள்.

ஐந்து மாடிக் குடியிருப்பு அது. நிலவறையில் இருக்கும் பாய்லர் தண்ணீரை ஆவியாக்கி மேலே அனுப்பும். ஆவி ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டரிலும் புகுந்து அறையைச் சூடாக்கும். இருபத்தாறு வருஷமாக அதை ஓட்டுகிறவர் இவர். மனைவி போன பிறகு பாய்லருக்குப் பக்கத்து அறையில் வைத்தே மகளை வளர்த்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் மடையர்கள் என்று கணக்குப் பாடத்தைத் தானே சொல்லிக்கொடுத்தார். அவள் பெயிலானாள். கேள்வித்தாள் எழுதினவன் மடையன் என்று விஷயத்தை முடித்துவிட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த மாப்பிள்ளை அதே கட்டடத்துக்கு சூப்பர்வைசர். மூன்றாம் மாடியில் குடித்தனம், இரண்டு மாதக் கைக்குழந்தை. மாப்பிள்ளை ஆயிற்றே, வாங்க போங்க என்று மரியாதை கொடுத்துத்தானே ஆக வேண்டும்? கொடுப்பார். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு உறைக்காது, அப்படி ஒரு மரியாதை.

திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளை நிலவறைக்கு இறங்கி வந்து, ஆவியின் அழுத்தத்தை முள்ளால் காட்டும் பிரஷர் கேஜைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது.

"மாமா, பிரஷரே இல்லையே!"

"மேல ரேடியேட்டர் சுடுதா மாப்பிள்ளை?"

"சுடுது."

"ஆவி இல்லாமயா சுடுது?"

"அப்ப கேஜ்தான் போயிடுச்சு. புதுசு மாத்திடலாம்."

பாய்லர்காரருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. பாய்லருக்கும் கேஜுக்கும் நடுவில் ஒரு சுற்று வளைந்த குழாய் உண்டு. அதில் சேறு அடைத்துக்கொண்டால் அழுத்தம் கேஜுக்குப் போய்ச் சேராது, முள் படுத்துவிடும். குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுக் கழுவ அரைமணி நேரம் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மாப்பிள்ளை, கூட வந்த இரண்டு குடித்தனக்காரர்கள் பக்கம் திரும்பி, "மாமா பழைய ஆளு. பாய்லர்ல காதை வச்சுப் பார்த்தே காலத்தை ஓட்டிட்டாரு. இனிமே எல்லாம் முறைப்படி நடக்கும்" என்று திருவாய் மலர்ந்தார். "நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க மாமா."

"உத்தரவு மாப்பிள்ளை" என்று திறந்த வாயை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை புதுக் கேஜ் வந்தது. பூஜ்யம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று புதன்கிழமை காலையில் வேறு கடையில் ஒன்று வாங்கினார். அதுவும் பூஜ்யம். சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டிவிட்டு விரலால் தட்டினார், துடைத்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். முள் அசைவேனா என்றது. பாய்லர்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இந்தக் கூத்தை ரசித்தார். இந்த ஆளையா என் பொண்ணு தேடிப் பிடித்தாள் என்று தலையில் அடித்துக்கொண்டார், மனசுக்குள்தான்.

இன்னொரு சங்கதியும் அவருக்குத் தெரியும். அழுத்தம் இரண்டு பவுண்டைத் தொட்டதும் நெருப்பை அணைக்கிற கண்ட்ரோல் பெட்டியும் அதே குழாயில்தான் உட்கார்ந்திருக்கிறது. குழாய் அடைத்தால் அதற்கும் கண் அவிந்துவிடும், நெருப்பு நிற்காது. தெரிந்தும் பேசாமல் இருந்தார். பதினைந்து வந்தால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து ஆவியைக் கக்கிவிடும், கட்டடம் வெடிக்காது. அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை அலறிக்கொண்டு ஓடி வருவார். ஊரே பார்க்கும். மகளும் பார்ப்பாள், தன் புருஷன் எவ்வளவு பெரிய மேதாவி என்று. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அதுவரை வீடுகள் சூடானதும் தெர்மோஸ்டாட்டே நெருப்பை அணைத்துவந்தது. வியாழக்கிழமை குளிர் எலும்பைத் துளைத்தது. "பிரஷர் ஏறட்டும்" என்று மாப்பிள்ளை சூட்டைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். பத்து மணி வரை நெருப்பு ஒரு தடவைகூட அணையவில்லை. பாய்லரின் உறுமல் கனத்தது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று பாய்லர்காரர் உட்கார்ந்தே இருந்தார்.

வால்வு திறக்கவில்லை. மேலே மகள் அலறினாள்.

சுவிட்சை அணைத்துவிட்டு மூன்று மாடியும் ஓடினார். குழந்தை படுத்திருந்த அறையில், ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றும் திருகு, அழுத்தம் பதினைந்தைத் தொடும் முன்பே தாங்காமல் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஆவியோடு கொதிநீர் தொட்டிலை நோக்கிப் பீய்ச்சி அடித்திருக்கிறது. மகள் கையைக் குறுக்கே நீட்டியிருக்கிறாள். குழந்தைமேல் ஒரு சொட்டுப் படவில்லை. அவளுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது. மாப்பிள்ளை அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எல்லாம் என் தப்பு மாமா. இந்தக் கேஜும் கெட்டதுதான் போல."

அந்த நேரத்திலும் பாய்லர்காரரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"கேஜ்ல ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. குழாய் அடைச்சிருக்கு. மூணு மாத்தினா என்ன, முப்பது மாத்தினா என்ன? எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்."

மகள் தலையைத் தூக்கினாள்.

"திங்கட்கிழமையேவாப்பா?"

"பார்த்த உடனே" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"இவருக்குத் தெரியல, பண்ணிட்டாரு" என்றாள் அவள். "உங்களுக்குத் தெரியும்."

அவர் குழந்தையைத் தூக்கப் போனார். அவள் நல்ல கையால் அதை வாரி எடுத்துப் புருஷனிடம் கொடுத்தாள். "கீழ போய்க் குழாயைச் சரி பண்ணுங்க. குழந்தைக்குக் குளிரும்."

போனார். கழற்றினார். கறுப்புச் சேறு கட்டி கட்டியாக வந்தது. கழுவி மாட்டி நெருப்பை மூட்டினார். அரைமணி நேரத்தில் பெரிய கேஜில் முள் எழுந்து இரண்டில் நின்றது. நெருப்பும் தானாக அணைந்தது. மகள் இறங்கி வந்து பார்ப்பாள் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைதான் வந்தார். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டாராம்.

"சரியாயிடுச்சா மாமா?"

"ஆயிடுச்சு மாப்பிள்ளை."

படியேறப் போன மாப்பிள்ளை திரும்பி வந்தார்.

"அவ ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா மாமா. இன்னும் ஏதாவது தெரிஞ்சுக்கிட்டே எங்ககிட்டச் சொல்லாம வச்சிருக்கீங்களான்னு."