இறக்கத்துக்குக் கால் வேண்டாம் என்றார்கள்

அப்பாவுக்கு நேர்ந்தது என்ன என்பதை எங்களுக்கு முதலில் காட்டியவை எறும்புகள். காலையில் பார்த்தபோது அவருடைய கால் பெருவிரலில், தோல் கிழிந்த இடத்தில், சிவப்பு எறும்புகள் மொய்த்திருந்தன. அப்பா கூரையைப் பார்த்தபடி பாயில் கிடந்தார்.

"எறும்பு பிடுங்குறது தெரியலையா? காலை உதறுங்க" என்றாள் அம்மா.

"எந்தக் கால்ல?" என்றார் அப்பா.

அதுவரை அதைப் போதை என்றே நினைத்திருந்தோம்.

போர்ட் பிளேருக்கு வராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சமதளச் சாலை அபூர்வம். சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறுவோம், இறக்கத்தில் உட்கார்ந்து விட்டுவிடுவோம். லம்பா லைன் பகுதியில் எங்கள் வீடு ஓர் இறக்கத்தின் அடியில் இருக்கிறது. அப்பா சாலை போடும் கூலியாள். அந்த இறக்கத்துக்குத் தார் ஊற்றியவர்களில் அவரும் ஒருவர்.

சம்பள நாள் மாலைகளில் அவரும் கூட்டாளிகளும் மேட்டின் உச்சியில் ஒருவர் வீட்டில் குடிப்பார்கள். அளவு மீறியவரை நடந்து போக விடமாட்டார்கள். தள்ளாடி நடப்பவரைப் போலீஸ் பிடிக்கும், சைக்கிளில் போகிறவரை யாரும் கவனிப்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. அதனால் சைக்கிளில் ஏற்றி, கையைப் பிரேக்கில் வைத்து, முதுகில் ஒரு தள்ளு தள்ளுவார்கள். ஏறத்தான் கால் வேண்டும், இறங்க எதற்கு என்று அதற்கு ஒரு சிரிப்பும் உண்டு. பலர் அப்படித்தான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அப்பாவும் பலமுறை.

அன்று பாதி இறக்கத்தில், வளைவில், அப்பா தலைகுப்புறச் சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் போய் விழுந்தார். அவரைத் தள்ளிவிட்ட வேலு சித்தப்பாவே ஓடிவந்து தூக்கினார். அப்பாவோடு ஒரே கப்பலில் ராமநாதபுரத்திலிருந்து வந்தவர் அவர். தொங்கிய தலையைத் தன் தோளில் சாய்த்து, அதே சைக்கிளின் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல மதினி, கொஞ்சம் ஜாஸ்தி ஆயிருச்சு. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுங்க, சுபே எந்திரிச்சிருவாரு."

சுபே என்று அவர் சொன்ன காலையில்தான் அந்த எறும்புகளைப் பார்த்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். மெட்ரிக் முடித்து, ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எங்கள் வரிசை வீடுகளில் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். ஆஸ்பத்திரியிலும் டாக்டரிடம் நானே ஆங்கிலத்தில் பேசினேன். பிழையில்லாமல்தான் பேசினேன். அதனால் கிடைத்ததெல்லாம் இதுதான்: கெட்ட செய்தி வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எனக்குப் புரிந்தது.

கழுத்தெலும்பு ஒன்று நொறுங்கித் தண்டுவடத்தை (மூளையிலிருந்து முதுகு வழியே இறங்கும் நரம்புத் தண்டு) நசுக்கியிருந்தது. நிதானத்தில் இருப்பவன் விழும்போது கை தானாக முன்னால் வரும், குடித்தவனுக்குக் கை வருவதற்குள் தலை போய்ச் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். வலியையும் சாராயம் மறைத்துவிடுமாம்.

"விழுந்த பிறகு யாராவது தூக்கி உட்கார வைத்தார்களா?" என்று கேட்டார்.

வேலு சித்தப்பா என் பின்னால் நின்றிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆமாம் என்று நான் சொன்னதை அவருக்குத் தமிழில் சொல்லவில்லை.

அப்பாவின் தாடையையும் பின்தலையையும் வாரால் கட்டி, கயிற்றின் நுனியில் மணல் மூட்டை தொங்கவிட்டார்கள். டிராக்‌ஷன் (விலகிய எலும்பை எடையால் இழுத்து நேரே நிறுத்துவது) என்று பெயர். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டார்கள்.

மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனால் அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்று கேட்டேன். மெட்ராஸ் கப்பல் அப்போது துறைமுகத்தில்தான் நின்றது.

"கப்பல் ஆடும். கப்பலோடு அந்த மூட்டையும் ஆடும். மூட்டை ஆடினால் கழுத்து என்ன ஆகும்? இப்போது மூச்சாவது இருக்கிறது" என்றார் டாக்டர்.

மறுநாள் கப்பல் கிளம்பும் சங்கு வார்டில் கேட்டது. அப்பா தலையைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. கண்கள் மட்டும் சன்னல் பக்கம் போயின.

விபத்து என்பதால் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். சைக்கிளில் விளக்கு இருந்ததா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"பத்தி எரிஞ்சுது சாப்! நானே பத்த வச்சுத்தான் அனுப்புனேன்" என்றார் வேலு சித்தப்பா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பியா ஹுவா தா?" குடித்திருந்தாரா என்கிறார்.

"கொஞ்சம் சாப். மோட்டாருக்குத்தான கேஸு? இது வெறும் சைக்கிளு."

"சைக்கிள் காடி இல்லையா, வண்டி இல்லையா? ரோட்ல குடிச்சிட்டு தடுமாறினாலும் கேஸ். எந்த காடியைத் தாறுமாறா ஓட்டினாலும் கேஸ். நடந்து போயிருந்தா நான் பிடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வச்சிருப்பேன். காலைல சாயா குடிச்சிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிருப்பான்."

போலீஸ்காரர் மணல் மூட்டையையும் கயிற்றையும் கயிறு போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

"ரஹனே தோ பேட்டி. விட்டுடு மகளே. இவன் மேல கேஸ் போட்டு நான் எங்கே இழுத்துட்டுப் போக?"

அவர் வழக்குப் போட்டால் என்ன பேச வேண்டும் என்று நான் தயாராக நின்றிருந்தேன். எதிர்த்துப் பேச ஒரு வழக்குகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படி ஒருவரை வீட்டில் வைத்திருக்கலாம். குடித்து விழுந்தவர் எழவில்லை என்றால் போதை என்று முடிவுகட்டாதீர்கள். காலை ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டாவிட்டால் தூக்காதீர்கள், தலையை அசைக்காமல் டாக்டரை அழையுங்கள். நான் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். அதற்குப் பின்னால் செய்ய வேண்டியதாக எனக்கு எதுவும் தெரியவில்லை. காத்திருந்தோம்.

எலும்பு சேர்ந்தது. கால் வரவில்லை. மழைக்காலம் முடியும்போது வலது கைக் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக ஒருவர் சிரித்தால் மேற்கொண்டு கேட்கத் தோன்றுவதில்லை. அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வேலு சித்தப்பா அந்தச் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி வந்து கட்டில் சட்டத்தில் அப்பாவின் விரலருகே முடுக்கினார். "கூப்பிடணும்னா அடிங்கண்ணே" என்றார். பிறகு அவர் மணல் மூட்டையைப் போல வாசலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அப்பா மட்டும், "ஏண்டா வேலு, இறங்கக் கால் வேண்டாம்ன, இப்ப இருக்கவே வேண்டாம்னு ஆயிருச்சுடா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சித்தப்பா எழுந்து போய்விட்டார்.

படுக்கைப் புண் (ஒரே பக்கம் அழுந்துவதால் சதை அழுகுவது) வராமலிருக்க அவரைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நேரம் என்பது இப்போது அப்பா படுத்திருக்கும் பக்கம்தான். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தால் நான் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். வாசல் பக்கம் திரும்பியிருந்தால் அம்மா உலை வைப்பாள். மாலையில் அந்த இறக்கத்தில் நடந்து வரும்போது என் முழங்கால் ஒவ்வொரு அடியிலும் என்னைப் பிடித்து நிறுத்துவதை உணர்கிறேன். இறங்கத்தான் கால் அதிகம் வேண்டியிருக்கிறது.

சம்பள நாள் மாலைகளில் இன்னமும் மேட்டிலிருந்து சைக்கிள்கள் வருகின்றன. பிரேக் பிடிக்காமல் வரும் சக்கரத்தின் சத்தம் அப்பாவுக்கு எங்களுக்கு முன்பே கேட்டுவிடும். உடனே மணியை அடிக்கத் தொடங்குவார். விரல் சோரும்வரை அடிப்பார். அந்த மணி அடுப்படி வரைதான் கேட்கும், சாலையில் வருபவனுக்குக் கேட்காது.

சைக்கிள் கடந்து போகிறது. நான் போய் அவரைச் சுவர்ப் பக்கம் புரட்டிப் படுக்க வைக்கிறேன்.