பேத்தை கடித்த வலையும் 'டெவிலிஷ்' என்ற சொல்லும்

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில், சித்தப்பாவின் வலை கத்தியால் அறுத்ததுபோல் கிழிந்து கரைக்கு வந்தது.

"பக்கத்துக் குப்பத்தான்தான் அறுத்துகீறான். இன்னா பாத்துகினு கீறீங்க?" என்றார் சித்தப்பா.

அறுத்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வழியாக வந்த பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவனை எங்கள் ஆட்கள் மணலில் தள்ளி, துடுப்பால் அடித்தார்கள். தாடை உடைந்து, பற்களை ரத்தத்தோடு துப்பினான். ஒரு கண் போயிற்று. பிறகுதான் வலையை உதறினார்கள். வாயில் நூலோடு ஒரு பேத்தை மீன் விழுந்தது. பேத்தையின் பல் வலையை அறுக்கும் என்று கடலுக்குப் போகிற எவனுக்குத் தெரியாது? தெரிந்து என்ன பிரயோஜனம்.

மறுநாள் செங்கல்பட்டில், நான் படித்த கல்லூரிக்கு வந்த ஆங்கிலப் பேப்பர் அதை 'டெவிலிஷ்' தாக்குதல் என்றது. எங்கள் ஆட்களைச் சாத்தான் என்பதா என்ற ஆத்திரத்தோடு நூலகத்து அகராதியைப் புரட்டினேன். 'இஷ்' என்ற வால் பழைய ஜெர்மானியச் சரக்கு. 'டெவில்' கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு அடிப்பவன் என்று பொருள் இல்லை. அடுத்தவன்மேல் பழியைத் தூக்கி எறிபவன் என்று பொருள்.

போலீசிடம் சித்தப்பா உண்மையைத்தான் சொன்னார்: "நான் துடுப்பத் தொடவே இல்ல சார்."