யாரைக் கேட்காமல் எங்கே வாழலாம்: ரவாங்கிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரை

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் என் அக்கா லெட்சுமியும் ரவாங்கிலிருந்து கிளம்பி சிலாங்கூரின் வடகோடிவரை காரில் போய் வந்தோம். ஒரே நாள் பயணம்தான். செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வார இறுதியில் பாதி கோலாலம்பூர் மீன் சாப்பிட அந்தச் சாலையில் இறங்கிவிடும். லீவு எடுக்க முடிந்தவர்கள் வேலை நாளில் போங்கள்.

இது சும்மா சுற்றிப் பார்க்கப் போன பயணமல்ல. அக்காவுக்கு அறுபத்து நான்கு வயது. அவள் கணவர் தவறிய பிறகு ஐந்து வருடமாக என் வீட்டில் இருந்தாள். திடீரென்று ஒரு நாள், தனியாக இருக்கப் போகிறேன் என்றாள். சுங்கை ஆயர் தாவாரில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது என்று கோயிலில் பழக்கமான யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பதறிவிட்டேன். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளாமல், "வா, நானே கூட்டிப் போறேன்" என்றேன். அந்த அத்துவானத்தைக் கண்ணால் பார்த்தால் அவளே மனம் மாறித் திரும்பி வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அதை மறைப்பானேன்.

இதற்கிடையில் சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்கா மகன் குமரன் ஒரு இணையப் பக்கத்தை அனுப்பியிருந்தான். எந்த வட்டாரத்தில் மனிதன் சுதந்திரமாக இருக்கிறான், எங்கே அரசாங்கம் அதிகம் மூக்கை நுழைப்பதில்லை என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தியிருந்தார்கள். வரி, தொழில் லைசென்ஸ், துப்பாக்கி என்று என்னென்னவோ இருந்தது. துப்பாக்கியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது வேறு. வீட்டில் நாலு கோழி வளர்க்கலாமா? கல்யாணத்துக்கு வாசலில் பந்தல் போடலாமா? நினைத்த நேரத்தில் விருந்தாளி வந்து தங்கலாமா? இதையெல்லாம் யாரையும் கேட்காமல் செய்ய முடிகிற ஊர்தான் சுதந்திரமான ஊர். இந்தக் கேள்விகளை வைத்து வழியெல்லாம் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவதாக முடிவு செய்தேன்.

முதலில் எங்கள் ரவாங். நாங்கள் இருப்பது தாமான் என்று சொல்லும் வேலி போட்ட குடியிருப்பு. வாசலில் தடுப்புக் கட்டை, கூண்டில் காவலாளி. சுவருக்கு மஞ்சள் அடித்தால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஆள் வரும். கோழிக்கு இடமே இல்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போடச் சங்கத்தைக் கேட்டு, நகராண்மைக் கழகத்தைக் கேட்டு, கடைசியில் வெறுத்துப்போய் மண்டபம் எடுத்தோம். வீட்டுச் சொந்தக்காரர் என்று என் நம்பர் மட்டும்தான் காவலாளியிடம் பதிவில் இருக்கும். அதனால் அக்காவைப் பார்க்க யார் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். நான் தொழிற்சாலை ஆபீசில் இருந்தபடியே விசாரித்து, விடலாம் விடவேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தொல்லைதான், இருந்தாலும் பாதுகாப்பு. பத்துக்கு மூன்று கொடுத்தேன்.

காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம். அக்காவுக்குக் காரில் தலை சுற்றும் என்று நானாகவே முடிவு செய்திருந்ததால் வீட்டில் டீ கொடுக்கவில்லை. குளிரும் என்று என்னுடைய ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். டோல் சாலையில் போனால் ஈஜோக் வர முக்கால் மணி நேரம் போதும். அங்கே நம்மவர் கடையில் தோசை நன்றாக இருந்தது. அக்கா தே தாரேக் டீ கேட்டாள். நான் குறுக்கே புகுந்து, "சீனி இல்லாம போடுங்க அண்ணே" என்றேன். கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா சாலையைப் பார்த்தாள்.

அங்கிருந்து கோலசிலாங்கூர் போகும் வழியில்தான் நாங்கள் பிறந்த தோட்டம் இருக்கிறது. பெயரை எழுத விரும்பவில்லை. பெயரைத் தவிர பழையது எதுவும் அங்கே மிச்சமுமில்லை. ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. கேட்டில் ஒரு இளம் காவலாளி. உள்ளே போய் தொழிலாளர் லய வீடுகள் இருந்த இடத்தைப் பார்க்கிறோம் என்றேன். ஆபீஸ் அனுமதி இருக்கிறதா என்று மலாயில் கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் பிறந்த மண்ணுக்கு எவனிடம் அனுமதி வாங்குவது என்று மலாயும் தமிழும் கலந்து கத்தினேன். அவன் பாவம், சிரித்துக்கொண்டே முடியாது என்று தலையாட்டினான். கேட் திறக்கவில்லை.

"விடு சரசு. அப்பவும் இப்படித்தானே இருந்துச்சு" என்றாள் அக்கா.

எனக்கு அப்படி இல்லையே! கேட்டுக்கு வெளியே மதகுக்கட்டையில் உட்கார்ந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். பள்ளி விட்டால் இருட்டும்வரை யாரும் எங்களைத் தேடியதில்லை. கால்வாயில் கெளுத்தி பிடித்தது, ரப்பர் விதையைத் தரையில் தேய்த்துச் சூடு வைத்து ஓடியது, திடலில் திரை கட்டிப் படம் காட்டும்போது பாய்க்குச் சண்டை போட்டது. போலீஸ் வந்து பார்த்ததில்லை. நகராண்மை என்ற சொல்லே தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் கோழி, ஆடு, மாடு. என் தோட்டத்துக்குப் பத்துக்கு ஒன்பது என்று அறிவித்தேன்.

"உனக்கு ஒம்பது வயசுல தோட்டத்த விட்டு வந்துட்டோம். எனக்கு அப்ப பதினெட்டு" என்றாள் அக்கா. "என்னைய பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு என்னா நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கேசரி. அன்று எனக்கு இரண்டு தடவை கேசரி கிடைத்தது.

"ஏன் ரெண்டு தடவ கெடச்சிச்சு? வந்தவங்களுக்கு செஞ்சத அவங்க சாப்பிடல, அதான்." அக்கா சிரித்தபடிதான் சொன்னாள். அந்தக் காலத்தில் வெளியாள் யார் வந்தாலும் முன்கூட்டியே ஆபீசில் சொல்லிவைக்க வேண்டும். அப்பா கங்காணியான மண்டோரிடம் சொன்னார். மண்டோர் கிராணியிடம் சொல்ல மறந்துவிட்டார். கணக்குப்பிள்ளையான அந்தக் கிராணி, மாப்பிள்ளை வீட்டாரை ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். துரை ரவுண்டு முடித்து வந்து தலையாட்டுகிறவரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு லயத்தில் காத்திருந்தாள். நல்ல நேரம் போய்விட்டது. வந்தவர்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள்.

"அந்த மனுசன் பிடிவாதமா அடுத்த வாரமும் வந்தாரு. இல்லாட்டி என் கதை வேற" என்றாள். "விடியறதுக்குள்ள பெரட்டுல போய் நிக்கணும், பேர் கூப்பிடுவாங்க. காய்ச்சல்னா அதையும் ஆபீஸ்தான் நம்பணும். நீ கால்வாயில மீன் புடிச்ச. நான் பால் மரம் வெட்டுனேன். ஒரே வீடுதான் சரசு."

ஒன்பதை நான் அடித்துவிட்டேன். என்ன மார்க் போடுவது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டேன். இன்றுவரை காலிதான்.

கோலசிலாங்கூர் வந்தபோது மணி பத்தரை. ரவாங்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலாவாத்தி குன்றில் குரங்குகள் அதிகம், கையில் பை வைத்திருந்தால் உங்கள் பாடு. அவற்றுக்குத்தான் பத்துக்குப் பத்து, வரியும் கிடையாது லைசென்சும் கிடையாது. மேலிருந்து கடலைப் பார்த்தபடி அக்கா நிழலில் உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லியிருந்தேன், இருபது ஆனதும் எழுப்பிவிட்டேன். மின்மினிப்பூச்சி பார்க்க விரும்புகிறவர்கள் இரவு தங்கவேண்டும், மழைநாளில் போகாதீர்கள்.

ஊருக்குள் கடைவீடுகள், கோயில், பள்ளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சட்டதிட்டம் உண்டு, ஆனால் ஆளைப் பார்த்து வளையும். கோயில் பக்கம் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பந்தல் பற்றிக் கேட்டேன். "பந்தல் போட்டுட்டு அப்புறமா சொல்லிக்குவோம்லா" என்றார். அதற்காகவே ஆறு மார்க்.

அதற்குப் பிறகு ஒரே சாலை, கடலோரமாக வடக்கே. தஞ்சோங் காராங் தாண்டினால் வயல்கள். செகிஞ்சானில் நெல் பச்சையாக இருந்தது. அறுவடை சமயம் பார்த்துப் போனால் தங்கநிறம் கிடைக்கும், கூட்டமும் கிடைக்கும். அங்கே மதியச் சாப்பாடு, மீன் சம்பலோடு இரண்டு பேருக்கு முப்பத்திரண்டு மலேசிய வெள்ளி. சுங்கை பெசார் வழியாக சபாக் போய், அங்கிருந்து கடல் பக்கம் திரும்பும் சாலையில் கால் மணி நேரத்துக்கு மேல் போனால் சுங்கை ஆயர் தாவார். தென்னையும் செம்பனையும் மாறி மாறி வரும். பெட்ரோலை முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

வீடு பலகை வீடு, முன்னால் சிமெண்டுப் படி. பின்னால் தோப்பு. சொந்தக்காரர் மாச்சிக் ரொக்கியா அடுத்த வீட்டில் இருக்கிறார். வயதான மலாய்ப் பெண்களை இங்கே மாச்சிக் என்றுதான் கூப்பிடுவோம். நான் என் கேள்விகளை எடுத்துவிட்டேன். கோழி வளர்க்கலாமா? "ஈக்குட் சுக்கா" என்றார், உங்கள் இஷ்டம் என்று. வாசலில் சாமி விளக்கு? ஈக்குட் சுக்கா. விருந்தாளி வந்தால், தங்கினால், பூசை மணி அடித்தால்? எல்லாவற்றுக்கும் அதே பதில். மனதுக்குள் ஒன்பதரை போட்டேன். போட்டவுடனேயே என் திட்டம் கெட்டுப்போவது புரிந்தது.

உடனே கேள்வியை மாற்றினேன். கிளினிக் எவ்வளவு தூரம்? பாம்பு வருமா? ராத்திரியில் இவள் விழுந்துவிட்டால் யார் தூக்குவது? குளியலறைத் தரை ஏன் வழுக்குகிறது? அக்காவுக்கு இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, இந்தக் கட்டில் முதுகுக்கு ஆகாது. மாச்சிக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இங்கே குடியிருக்கப்போவது நீங்களா, அவரா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

மாச்சிக் டீ போட உள்ளே போனார். நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்தோம்.

"சரசு, காலையிலேருந்து எல்லா எடத்துக்கும் மார்க் போடுற. உன் வீட்டுக்கு எவ்ளோ?"

"தாமானுக்கு மூணு போட்டேன்லக்கா."

"தாமானுக்கு இல்ல. உன் வீட்டுக்கு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "நீ என்னைய நல்லா பாத்துக்கிட்ட, பெத்த புள்ள கூட அப்படி பாக்காது. ஆனா நான் கடைக்குப் போனா ஏன்னு கேக்குற. கோயில்ல கொஞ்ச நேரம் கூட இருந்தா போன் அடிக்கிற. காமாட்சி என்னைய பாக்க வந்தா, நீ சொன்னாத்தான் கேட்டு தொறக்கும். ரெண்டு தடவ திரும்பிப் போயிட்டா. அப்பறம் வரவேயில்ல. கவர்மெண்டு என்னைய ஒண்ணும் செய்யலடி. கிராணி போயி எத்தன வருசம் ஆச்சு. இன்னும் நான் பெரட்டுல நிக்கிற மாதிரியே இருக்கு."

காமாட்சி, தோட்டத்தில் அக்காவோடு பால் மரம் வெட்டியவர். பகலில் யாரோ எதற்கு என்று நான்தான் வேண்டாம் என்றிருப்பேன். எனக்கு நினைவுகூட இல்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஐந்து வருடம் சமைத்துப் போட்டவளைக் கிராணி என்றால் யாருக்குத்தான் வலிக்காது? நான் எழுந்து கார்வரை போய், கதவைத் திறந்து, மூடி, திரும்பி வந்தேன். மாச்சிக் டீ கொண்டுவந்திருந்தார். தம்ளரின் அடியில் சீனி தெரிந்தது, அவ்வளவு இனிப்பு. அக்கா முழுவதையும் குடித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

முன்பணத்தை அக்காவே பேசி அக்காவே கொடுத்தாள். திரும்பும் வழியில் செகிஞ்சான் வயலோரம் காரை நிறுத்திச் சற்று நேரம் அழுதேன். அக்கா ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, நான் முடிக்கும்வரை வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு எட்டேகாலுக்கு ரவாங். மொத்தம் முன்னூறு கிலோமீட்டரை நெருங்கிவிட்டது.

அந்த இணையப் பக்கத்தை இப்போது பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அரசாங்கம் எங்கெங்கே குறைவு என்று ஊர் ஊராக அளந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் அரசாங்கத்தை அளக்க அவர்களிடம் அளவுகோல் இல்லை. எங்கள் தோட்டம் சிலருக்குச் சொர்க்கமும் சிலருக்கு வராந்தா பெஞ்சுமாக இருந்தது, அது எந்தப் பட்டியலிலும் வராது. பழைய நினைவில் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள், உங்களைவிட மூத்தவர் யாரையாவது கூட்டிப் போங்கள், கேட் திறக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். சிறு கார் போதும், சாலை நன்றாகத்தான் இருக்கிறது. வடக்கே போகப் போக போன் சிக்னல் குறையும். முதியவர்களோடு போனால் அவர்களுக்கு எங்கே உட்காரவேண்டும் என்று தோன்றுகிறதோ அங்கே உட்காரவிடுங்கள், நேரம் இருக்கிறது.

அக்கா அங்கே குடிபோய் மூன்று மாதம் ஆகிறது. கோழி ஆறு. முதல் மாதம் வாராவாரம் போனேன். போன வாரம் கூப்பிட்டு, ஞாயிறு வருகிறேன் என்றேன்.

"இந்த ஞாயிறு வேணாம் சரசு, வீட்டுக்கு ஆளு வர்றாங்க. அடுத்த வாரம் வா லா."

யார் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குவார்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சரிக்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.