வேலை நேரத்தில் எவ்வளவு நேரம் உட்காருவீர்கள்?

கேள்வி கேட்ட இடத்தில் இருந்தவர்கள், ஏலக்காய் பறிக்கும் பெண்கள் ஏழு பேர், அவர்களை வேலை வாங்கும் கங்காணி, போனில் உடலுழைப்பு பற்றிய ஆய்வுப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான். தோட்டத்து முதலாளி இல்லை. என்னை அனுப்பிய ஆய்வு அதிகாரியும் இல்லை. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கவே கூடாது என்று பயிற்சியில் சொன்னவர் அவர்தான். போடிமெட்டுக்கு மேலே, அந்தச் சரிவில், ஒரு கங்காணியை எப்படித் தள்ளி நிற்கச் சொல்வது என்று மட்டும் சொல்லித் தரவில்லை. சொல்லிப் பார்த்தேன். "நீ பாட்டுக்குக் கேளு தம்பி, என் சோலிய நான் பாக்குறேன்" என்று அங்கேயே நின்றார்.

சுமை தூக்குவது, மேடு ஏறுவது எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஜீப்பில் உட்கார்ந்து வரும் நேரத்தைக் கேட்டபோது, அடுத்தவள் மடியில் இருப்பதற்கும் அதுதான் பேரா என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, வேலை நேரத்தில் எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்றேன். ஏழு பேரும் கங்காணியைப் பார்த்தார்கள்.

"உக்கார்ற ஆளுக்கு இங்க கூலி ஏது மாப்ளே?" என்றாள் அதே பெண். அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

உட்காருவதே இல்லை என்று ஏழு பேரும் சாதித்தார்கள். பூஜ்யம் போட்டால் போன் ஏற்காது, சிவப்புக் கட்டம் காட்டும். செடியின் தூரில் காய்ப்பதை நாள் முழுக்கக் குனிந்து பறிக்கிறவர்களுக்கு இடுப்பு கடுக்காதா? மூன்று முறை விளக்கினேன். குரல் உயர்ந்துவிட்டது.

அந்த ஏழு பேரில் ஒருவர் என் சித்தி. எங்கள் வீட்டில் படித்த முதல் பிள்ளை நான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவர். என் முகத்தைப் பார்த்து மனம் இரங்கிவிட்டார்.

"ஒரு மணி நேரம்னு போட்டுக்கப்பு. வெரசா முடி."

மற்ற ஆறு பேரும் அதையே சொன்னார்கள். படிவம் பச்சையானது. திருப்தியோடு மலை இறங்கினேன்.

சனிக்கிழமை கூலியில், ஆளுக்குத் தினம் ஒரு மணி நேரத்தைப் பிடித்துவிட்டார் கங்காணி. மறுநாள் சிலமலையில் அவர் வீட்டுக்கே போய், பதில்கள் ரகசியமாக வைக்கப்படும் என்ற பத்தியைப் போனிலிருந்து வாசித்துக் காட்டினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நானா தம்பி கேட்டேன்? நீ கேட்ட, அவுக சொன்னாக. என் காதுல விழுந்துச்சு."

சித்தி என்னைத் திட்டவில்லை. அடுத்த தடவை வேறு ஆளை அனுப்பச் சொல் என்றார், அவ்வளவுதான். மணிக்கு ஐம்பது வீதம் ஆறு நாளுக்கு ஆளுக்கு முந்நூறு. ஏழு பேருக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நூறு ரூபாய்.