மணமாகாதவர்கள் மட்டும்

என் ராணுவ அனுபவம் கல்லூரி என்.சி.சி.யில் தொடங்கி, அணிவகுப்பு முடிந்ததும் கொடுக்கும் பூரி கிழங்கோடு முடிந்தது. ஆகவே பிளஸ் டூ படிக்கும் என் மகள் பட்டாளத்தில் சேரப்போவதாகச் சொன்னபோது, இந்த வியாதி என் வழியில் வந்ததல்ல என்பது உடனே புரிந்தது.

பள்ளி முடித்ததும் சேர அவளுக்கு இரண்டு வழிகள் தெரிந்திருந்தன. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வில் தேறிப் பயிற்சியை முடித்தால் அதிகாரி. இல்லையென்றால் அக்னிவீர்: நாலு வருஷம் சிப்பாய், பிறகு சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் படித்தவன் அல்லவா, சம்பளம், ஓய்வூதியம், போரும் மனிதனும் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவள் ஒப்பிட்டது ஒன்றைத்தான். எதில் சேர்ந்தால் அதிக நாள் கல்யாணம் பண்ணக் கூடாது?

“அகாடமிதான்ப்பா பெஸ்ட்டு. ட்ரெய்னிங் முடியிற வரைக்கும் கல்யாணம்னு எவனும் வாயத் தெறக்க முடியாது. அப்புறம் நான் ஆபீசரு. எவன் வந்து பேசுவான்?”

காரணம் இருந்தது. டி. கல்லுப்பட்டியிலிருக்கும் என் அக்காவுக்கு ஒரு மகன். கப்பலூரில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். என் மகள் பிறந்த அன்றே தொட்டிலை எட்டிப் பார்த்து, “எம் மருமக” என்று சொல்லிவிட்டாள் அக்கா. எங்கள் பக்கம் உடன்பிறந்தவள் பெண் கேட்டால் தம்பிக்காரன் மாட்டேன் என்று சொல்கிற வழக்கமில்லை. ‘பாப்போம்க்கா’ என்பான். அன்றிலிருந்து நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அரையாண்டு விடுமுறையில் எங்கள் பழங்காநத்தம் வீட்டுக்கு அக்கா தாம்பாளத்தோடு வந்தாள். பூ, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

“கல்யாணத்தப் பெறகு வச்சுக்கிருவோம் தம்பி. பேச்ச மட்டும் முடிச்சுருவோம்.”

காபி போடுகிறேன் என்று உள்ளே போன என் மனைவி, காபிச் செடி நட்டுக் காய்ப்பதற்காகக் காத்திருப்பவளைப் போல வெளியே வரவேயில்லை.

எனக்குப் பதற்றம் வந்தால் பசிக்கும். என்ன சொல்லித் தப்பிப்பது என்று யோசித்தபடியே கைக்கு எட்டியதை உரித்துக் கடித்துவிட்டேன். தாம்பாளத்துப் பழம். சம்பந்தம் பேச வந்த தட்டில் கைவைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

“ஏத்தா, காபி கெடக்கட்டும், சீனியக் கொண்டா!” என்று அக்கா அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள். “தம்பி தட்டுல கைய வச்சுட்டான்!”

அறையிலிருந்து மகள் வந்தாள். என் கையிலிருந்த தோலைப் பார்த்தாள்.

“அத்தே, தின்னது அப்பாதான? அவரையே கூட்டிட்டுப் போங்க.”

“இம்புட்டு வாய வச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்குடி துப்பாக்கி?”

“கல்யாணம் ஆகாதவகளத்தான் அங்க சேப்பாக.”

“ஆக வேணாம். நீ போயிட்டு வா. எம்மவன் எம்புட்டு வருசம்னாலும் காத்துக்கிட்டு இருப்பான்.”

மகள் இதை எதிர்பார்க்கவில்லை. கல்யாணத்துக்குத்தான் தடை, காத்திருக்கிற அத்தைக்குத் தடைபோட எந்த ராணுவத்திலும் விதி கிடையாது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. என்னைப் பார்த்தாள். அக்காவும் என்னைப் பார்த்தாள். என் வாயில் பழம் இருந்தது.

விழுங்கினேன்.

“வேணாம்க்கா. புள்ள பரீட்சை எழுதட்டும். பேச்சும் வேணாம், அவன் காத்துக் கெடக்கவும் வேணாம்.”

சொன்னது நான்தானா என்று உறுதி செய்துகொள்ள மனைவி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

“அப்பறம் எதுக்குடா தின்ன?” என்றாள் அக்கா.

“பசிக்கா.”

அக்கா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“போ, எழுது. பாஸாகாம மட்டும் வந்து நின்னு பாரு. அன்னைக்கே பந்தக்கால் ஊண்டிருவேன்.”

மகள் அன்று சாயங்காலமே மைதானத்தில் ஓட ஆரம்பித்தாள்.